கமராவின் சஞ்சாரமும் காப்புறுதிப் பத்திரமும்

தன்னாமுனையிலே திருகோணமலை வீதியோரமாக ஒரு சிறு ஸ்டூடியோவை நடத்துபவரானாலும், விடியற்காலையில் மட்டக்களப்பு வாவிக் கரைக்குச் சென்று நீர்க்காகங்களைப் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பாடசாலை ஆசிரியரானாலும், தமது கமராவைக் காப்புறுதி செய்ய வேண்டும் என்ற எண்ணம் தோன்றியவுடனே முகவரிடம் கேட்கிற முதற் கேள்வி, "வருசத்துக்கு எவ்வளவு கட்ட வேணும்?" என்பதாகவே இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியது. அதற்கு முன்னர், முகவரிடமன்றித் தம்மிடமே ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கமரா ஒரு வருட காலத்தில் எங்கெல்லாம் போகிறது, எதன்மேல் ஏறிப் போகிறது, யாருடைய கையிலே போகிறது? இந்த விபரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பின்னரே காப்புறுதிக் கம்பனியின் வாசற்படியை மிதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் எனக்குச் சும்மா கிடைத்ததன்று. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு முகவர், "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணன், எல்லாத்துக்கும் கவர் இருக்கு" என்று சொல்லிக் கையிலே தந்த பத்திரத்தை, அது ஆங்கிலத்திலே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த காரணத்தினால் வாசியாமலே அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த மாசி மாதத்திலே, வீச்சுவலைக்காரர் ஒருவருடைய தோணியில் ஏறி, அவர் வலையைச் சுழற்றி எறியும் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற பேராசையோடு எழுந்து நின்றபோது தோணி ஒரு பக்கமாகச் சரிய, நான் இடுப்பளவு நீரிலே எழுந்து நின்றேன். கழுத்திலே கிடந்த கமராவோ என்னோடு முழுகி எழுந்ததேயன்றி மறுபடி கண் திறக்கவில்லை. அன்று மாலையில் அலுமாரியைத் திறந்து, அகராதியின் துணையோடு பத்திரத்தை வாசித்தபோதுதான், ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்குள்ளே தீயும் மின்னலும் விளைக்கும் சேதத்துக்கு மாத்திரமே அது பொறுப்பேற்றிருந்தது என்பதை அறிந்தேன். முகவர் பொய் சொன்னார் என்று சொல்வதற்குமில்லை. நான் 'எல்லாம்' என்று கருதியது ஒன்று. அவர் 'எல்லாம்' என்று கருதியது வேறொன்று.

ஆகவே தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். தைப்பொங்கலுக்குப் பின் கலியாணங்கள் தொடங்குகின்றன. கமரா ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் வந்தாறுமூலைக்கும் போகிறது. மார்ச்சிலே நம்மூர்ப் புனித சூசையப்பரின் திருநாள். வைகாசியிலே கண்ணகி அம்மன் கோவில்களிற் சடங்கு நடக்க, குளிர்த்தியின் இரவிலே புகைக்கும் சனநெருக்கத்துக்கும் நடுவிலே கமரா நிற்கிறது. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தின் படிக்கட்டிலே, ஈரக் காலோடு ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு இறங்கும் இடத்திலே, அது ஒருவருடைய தோளிலே தொங்குகிறது. செப்டெம்பரில் ஆயித்தியமலைத் திருத்தலத்துக்குப் புழுதி வழியாகப் போகிறது. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தின் மேலாகப் படுவான்கரைக்குப் போகிறது. மண்டூருக்கென்றால் குருமண்வெளியிலே 'பாதை' ஏறி, அதாவது வாவியைக் கடத்திவிடும் மிதவையிலே நின்றபடி போகிறது. பூரணை இரவுகளிலே, பாடும் மீன்களின் ஒலியைப் பிடிக்கலாம் என்ற ஆசையினால், பழைய கல்லடிப் பாலத்தின் கீழே வள்ளத்திலும் போகிறது. 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவியாகிய லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்தது முதல் இந்த ஆசை நமது பகுதியாருக்குத் தீராத ஒன்று. ஐப்பசி பிறந்தால் வாடைமழை. அதன் பின் தை வரையில் கமரா வீட்டிலே இருக்கிறது, ஆனால் வெள்ளம் வீட்டுக்கே வருகிறது.

இவ்வாறு எழுதப்பட்ட தாளைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு பத்திரங்களை நோக்கினால், எது நமக்குரியது என்பது தானே புலப்படும். தீக் காப்புறுதி என்பது ஒரு கட்டடத்தையும் அதனுள் இருக்கும் பொருள்களையும் சார்ந்தது. சூறாவளி, புயல், வெள்ளம் முதலியவற்றை மேலதிகக் கட்டணம் செலுத்தி அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்திலே அந்த மேலதிகக் கட்டணத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. களவுக் காப்புறுதி என்பது பெரும்பாலும் கதவையோ கூரையையோ உடைத்து உட்புகுந்த களவையே களவென்று ஏற்கும். படம் எடுக்க வந்தவர் போல வந்து மேசையிலிருந்த லென்ஸைச் சட்டைப்பைக்குள் இட்டுச் சென்றவர் அப்பத்திரத்தின் கண்ணிலே கள்வராகார். மூன்றாவதாகிய 'சகல இடர்' காப்புறுதி ஒன்றே பொருளைப் பின்தொடர்ந்து செல்லும் இயல்புடையது. கமரா மண்டபத்திலே விழுந்தாலும், ஆட்டோவிலே நசுங்கினாலும், வாவியிலே முழுகினாலும், எதிர்பாராத திடீர் விபத்தாக இருக்கும் வரையில் அது பொறுப்பேற்கும். கட்டணம் அதற்கு அதிகம்தான். நம்மூர்ப் படப்பிடிப்பாளரின் தாளிலே நான்கு சுவர்களுக்கு உள்ளே கழியும் நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த அதிகம் அதிகமாகத் தோன்றாது. ஸ்டூடியோவில் அசையாது நிற்கும் விளக்குகள், அச்சு இயந்திரம், கணினி ஆகியவற்றைத் தீக் காப்புறுதியிலும், அலைந்து திரியும் கமராவையும் லென்ஸ்களையும் மாத்திரம் சகல இடர்க் காப்புறுதியிலும் பிரித்து வைப்பவரே செலவறிந்தவர். தேச எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலே மருமகளின் கலியாணத்துக்குக் கமராவைக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால், இலங்கைக்குள் மாத்திரம் செல்லும் பத்திரம் கட்டுநாயக்காவிலேயே நின்றுவிடும்.

சகல இடர் என்ற பெயரைக் கேட்டு மயங்கிவிடவுங் கூடாது. அந்தப் பத்திரத்திலே முதலில் வாசிக்க வேண்டிய பக்கம், எவையெவை அடங்கா என்று சொல்லும் விலக்குகளின் பக்கமே. அதிலே நமது வாவிப் பிரதேசத்தின் மெய்யான சத்துரு பெயர் சொல்லி விலக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பூஞ்சணம், துரு, ஈரலிப்பு, நாட்பட்ட தேய்வு, பூச்சி அரிப்பு, தானாகத் தோன்றும் மின்பழுது ஆகியவை விபத்துக்களல்ல என்பது காப்புறுதியின் சித்தாந்தம். அவை வருமோ வராவோ என்பவையல்ல, வந்தே தீருபவை. வருமோ வராதோ என்ற ஐயமே காப்புறுதியின் அத்திவாரமாகையால், இதிலே கம்பனியின் மேல் கோபிப்பதற்கு ஒன்றுமில்லை. கார்த்திகை மழையிலே பைக்குள் கிடந்த லென்ஸ், தை மாதத்தில் எடுத்துப் பார்க்கும்போது உட்கண்ணாடியிலே சிலந்தி நூல்போற் படர்ந்த பூஞ்சணத்தோடு வரும். அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. இதற்குப் பரிகாரம் பத்திரமன்று. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரலிப்பளவைக் காட்டும் சிறு மானி. ஈரலிப்பு 40க்கும் 50க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் நின்றாற் போதும். உப்புக்காற்றுப் பட்ட கமராவை அன்றிரவே மெல்லிய ஈரத்துணியாலும் பின் உலர்ந்த துணியாலும் துடைத்து வையுங்கள். முதலிலே பெட்டியை வாங்குங்கள். பத்திரத்தைப் பின்னர் வாங்கலாம் என்றுகூட நான் துணிந்து சொல்வேன்.

இனி, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் விடயம். ஆங்கிலச் சட்டத்திலே 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த ஒரு வழக்கு இன்றளவும் எடுத்துச் சொல்லப்படுகிறது. சுமாத்திரா தீவிலே பென்கூலன் என்ற இடத்துக் கோட்டையின் அதிபதி, அந்நியர் அதனைப் பிடித்துவிட்டால் ஈடு பெறுவதற்கென்று காப்புறுதி செய்திருக்க, பிரெஞ்சுக்காரர் வந்து அதனைப் பிடித்துவிட்டனர். காப்புறுதி செய்பவன் தனக்கு மாத்திரம் தெரிந்த முக்கிய சங்கதிகளை மறைத்தலாகாது என்ற விதியை அந்த வழக்கிலே நிலைநாட்டிய நீதிபதி, வழக்கின் முடிவிலே கோட்டை அதிபதிக்கே பணத்தை வழங்கினார். ஏனெனில் காப்புறுதியாளர் தாமாகவே அறிந்திருக்கத்தக்க சங்கதியை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விதி இரு புறமும் வெட்டும் வாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தீக் காப்புறுதியும் ஆயுட் காப்புறுதியும் சார்ந்த பிணக்குகளில் ஆங்கிலச் சட்டத்தையே கைக்கொள்க என்று 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கைக்கு விதித்தது. பென்கூலன் கோட்டையின் நிழல் இவ்வாறு நமது மாவட்டத்தின் மேலும் விழுகிறது.

அந்த நிழல் எங்கே தைக்கிறது என்றால், தொழில் என்ற கட்டத்திலே. பகலிலே ஆசிரியர், சனி ஞாயிறுகளில் இரண்டு கலியாணங்களுக்குப் படம் எடுத்துக் காசு வாங்குகிறார். படிவத்திலே 'சொந்தப் பாவனை' என்று எழுதினால் கட்டணம் குறைகிறது. விபத்து நேருவது கலியாண மண்டபத்திலே. மணமகனின் பெயரோடு அவர் கொடுத்த பற்றுச்சீட்டு எங்கோ இருக்கிறது. அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் வழக்காடுவதற்கு வலுவான நியாயம் அவரிடத்தில் இராது. வருடத்தில் ஒரே ஒரு கலியாணத்துக்குக் கூலி வாங்கினாலும் அதனை எழுதுங்கள். கமராவை வாடகைக்கு விடுவதுண்டானால் அதையும் எழுதுங்கள். "மச்சான், ஒரு நாளைக்குத் தாடா" என்று கேட்பவனை மறுக்க முடியாத சுபாவமுடையவரானால், இரவல் கொடுத்த வேளையில் நேரும் சேதம் அடங்குமா என்பதை எழுத்திலே கேட்டு, எழுத்திலே பதில் பெறுங்கள். இந்தப் பகுதியிலே அந்தச் சுபாவம் இல்லாதவர் அரிது.

தொகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அறிந்தவர்களும் ஏமாந்தது இங்கேதான். 2021இல் 1,500 டொலர் விலையுள்ள கமராவை, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாகக் கணக்கிட்டு, மூன்று இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சிலே ரூபாவின் கட்டு அவிழ்க்கப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே கமராவை மறுபடி வாங்க அப்போது ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரம் வேண்டும். கமரா விழுந்து, திருத்தச் செலவு 90,000 ரூபா என்று வருகிறது. காப்புறுதி செய்த தொகைக்குள்ளே தானே இது அடங்குகிறது, முழுவதும் கிடைக்கும் என்று அவர் நினைக்கிறார். பத்திரத்திலே 'சராசரி' என்ற ஒரு நிபந்தனை உண்டு. ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரம் பெறுமதியான பொருளை மூன்று இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்தவர், மீதிப் பங்குக்குத் தாமே காப்புறுதியாளராக இருக்கிறார் என்று அது கருதும். ஆகவே ஒன்பதிலே ஐந்து பங்கு, அதாவது 50,000 ரூபா மாத்திரமே கணக்கிலே வரும். அதிலே 'எக்ஸஸ்' என்று முகவர்கள் சொல்லும் தம்பங்கு பத்து வீதமானால், கைக்கு வருவது 45,000. இந்தக் கணக்கை வருடந்தோறும் புதுப்பிக்கும் நாளிலே ஒருமுறை போட்டுப் பாருங்கள். நட்டம் நேர்ந்தாற் புதுக் கமராவின் விலையைத் தருவார்களா, அல்லது தேய்மானம் கழித்துப் பழைய கமராவின் விலையைத் தருவார்களா என்பதையும் அந்த நாளிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் இடையிலே, ஐந்து வருடம் பழகிய கமராவுக்கு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கும்.

நம்மவரின் கமராக்களிலே பாதி கட்டாரிலிருந்தோ சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ பெரியப்பா மகனின் பயணப்பையிலே வந்தவை. அன்போடு வந்த பொருளுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதையன்று என்று நாம் எண்ணுகிறோம். காப்புறுதிக் கம்பனிக்கு அந்த மரியாதை தெரியாது. கொடுத்தவரிடம் கூச்சப்படாமல் விலைச்சீட்டின் பிரதியையும், இதனை இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்ற நாலு வரிக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காதவிடத்து, உள்ளூரிலே கமரா விற்பவர் ஒருவரிடமிருந்து பெறுமதி மதிப்பீட்டை எழுதுவித்து, காப்புறுதி தொடங்கும் முன்பே கம்பனியை ஏற்கச் செய்யுங்கள். கமராவின் அடியிலும் லென்ஸின் வளையத்திலும் பொறிக்கப்பட்ட தொடரிலக்கங்களைப் பத்திரத்தின் அட்டவணையிலே தனித்தனியாக எழுதுவியுங்கள். 'கமராவும் உபகரணங்களும்' என்று மொத்தமாக எழுதியதைச் சம்மதிக்காதீர்கள். பல கமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படக்கோப்பினுள்ளும் தமது தொடரிலக்கத்தையே பதித்து வைக்கின்றன. களவு போன பின்பு இலக்கம் தெரியாமல் தவிப்பவர், பழைய படங்களுக்குள்ளே தேடிப் பார்க்கலாம்.

களவிலே இரண்டு கண்ணிகள் உண்டு. ஆளில்லாத வாகனத்திலிருந்து களவு போனவற்றைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. ஏற்பவையும் வாகனம் பூட்டியிருக்க வேண்டும், பொருள் வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்பன. கதவில்லாத ஆட்டோவைப் பூட்டுவது எப்படி என்பதை எந்தப் பத்திரமும் விளக்கியதில்லை. மற்றது, காரணந் தெரியாத மறைவு. கலியாண வீட்டிலே பந்தி நடக்கும்போது கதிரையிலே வைத்த பிளாஷ் காணாமற்போயிற்று, எப்போது, எப்படி என்று தெரியாது என்றால், அது களவென்று நிரூபணமாகாது.

ட்ரோன் வைத்திருப்பவர் அதனைக் கமராவின் பட்டியலிலே சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியடைய வேண்டாம். பறக்கும் நிலையிலுள்ள எதனையும் சாதாரணப் பத்திரங்கள் விலக்கிவிடும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் வேறு. 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புக்களிலே மட்டக்களப்பின் சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்ட பின்னர் அந்த அதிகார சபை ட்ரோன்களை முற்றாகவே தடைசெய்த நாள்களை நாம் மறந்துவிடவில்லை. கலகம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் விளையும் சேதமும் வழமையான பத்திரத்துக்குப் புறம்பானது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வழியாக, தனிக் கட்டணத்துக்கு, அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பதா என்பதை அவரவர் அனுபவம் தீர்மானிக்கட்டும்.

கமராவுக்கு விலையுண்டு, படத்துக்கு? இலங்கைப் புகைப்படக் கலைஞராகிய லயனல் வென்ட் 1944இல் மறைந்த பின்னர் அவருடைய மூலப் படச்சுருள்கள் அழிக்கப்பட்டுப் போயின. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை அவர் கைப்பட அச்சிட்ட படங்களே. எந்தக் கம்பனியும் மெமரி கார்ட் தொலைந்தால் வெறும் கார்ட்டின் விலையையே தரும். அதிலே இருந்த தாலிகட்டு அதன் கணக்கிலே இல்லை. மணவீட்டார் உங்கள்மேல் வழக்குத் தொடுத்தாலும் உபகரணக் காப்புறுதி உதவாது. அதற்குத் தொழிற் பொறுப்புக் காப்புறுதி என்ற வேறொன்று வேண்டும். இரண்டு கார்ட்டுகளிலே ஒரே வேளையிற் பதியும் கமராவை வாங்குவது அதனிலும் மலிவு.

விபத்து நேர்ந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாவியில் விழுந்த கமராவை எடுத்தவுடன் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆவலிலே அழுத்திவிடாதீர்கள். பற்றரியைக் கழற்றி, கார்ட்டை எடுத்து, அப்படியே வையுங்கள். உப்புநீர்பட்ட கருவியிலே மின்சாரம் ஓடினால் மிச்சமிருந்த பாகமும் போய்விடும். சேதத்தைக் கூட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டும் வரும். உடைந்த துண்டையும் எறியாதீர்கள், மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும். கம்பனிக்குத் தொலைபேசியிற் சொன்னாலும் அன்றே எழுத்திலும் அறிவித்து, அறிவித்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். களவானால் தாமதமின்றிப் பொலிசிலே முறைப்பாடு செய்து, அதன் பிரதியையும் தொடரிலக்கத்தோடு பெறுங்கள். கம்பனியின் முடிவு நியாயமன்று என்று தோன்றினால், முதலிலே அதன் தலைமைக் காரியாலயத்துக்கும், அங்கும் பரிகாரம் இல்லையானால் ஒம்புட்ஸ்மன் என்று வழங்கும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம்.

இந்தப் பற்றுச்சீட்டுக்களையும் கடிதங்களையும் கமரா இருக்கும் அதே அலுமாரியில் வைப்பவர்கள் நம்மிடையே அநேகர். வெள்ளம் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும். என்னுடையவற்றின் ஒரு பிரதி கைத்தொலைபேசியிலே இருக்கிறது. மற்றொரு பிரதி, பிளாஸ்டிக் உறையிலே, செங்கலடியில் அக்கா வீட்டு மாடியறையிலே, அவவுடைய காணி உறுதிகளோடு இருக்கிறது.